அப்பா தூங்குகிற படம்

எண்பதுகளின் கடைசி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆசிரியப் பயிற்சி முடிக்கிற வருஷம். இராஜபாளையத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இரண்டாம் வகுப்புக்கு நான் பாடம் நடத்த வேண்டும். எக்ஸாமினர் அம்மா பின்னால் உட்கார்ந்து மார்க் போடுவார். தவறினால் மறுபடி ஒரு வருஷம். எங்கள் ஊர் கான்சாபுரத்தில் வீட்டார் எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் துடித்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி ஒரு வருஷமெல்லாம் எனக்கு யார் தருவார்கள்?

பாடம், நம் குடும்பம். சார்ட் வரைந்திருந்தேன்: காலையில் அப்பா பையோடு வேலைக்குப் போகிறார், அம்மா வாசலில் நின்று கையசைக்கிறார். எங்கள் பக்கத்தில் எந்த அம்மா கையசைத்தாள், கடவுளே!

"காலையில அப்பா என்ன செய்வாங்க?" என்று கேட்டேன்.

முன் வரிசை ரெட்டைச் சடைக்காரி எழுந்து, "தூங்குவாக டீச்சர்" என்றாள்.

"எங்கப்பாவும்!" "எங்கப்பாவுந்தான்!" என்று பாதி வகுப்பு கத்தியது. பின்னால் பேனா ஓடியது.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. ஊரெல்லாம் நூல் மில், அப்பாமாருக்கு நைட் ஷிப்ட்! விடிந்து வந்து படுக்கிற மனுஷன் பையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்? சார்ட் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. என் அப்பாகூட அதில் இல்லையே! பட்டாளத்துக்காரர், வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார்.

சார்ட்டைச் சரக்கென்று திருப்பி மாட்டினேன். பின்பக்கம் வெறும் வெள்ளை. "உங்க வீட்டுல காலையில யார் யார் என்ன செய்றீங்க? சொல்லுங்க, அப்படியே வரையிறேன்."

அடேயப்பா!

"எங்கம்மா ஷிப்டுக்குப் போவாக, அப்பா தோசை சுடுவாக."

"எங்க வீட்டுல எல்லாரும் முட்டி போட்டு ஜெபம் பண்ணுவோம்."

"எங்க நாயனா சைக்கிள் கடை தெறப்பாரு." நாயனான்னா யாரு என்று கேட்டேன். வீட்டில் தெலுங்கு பேசாத பிள்ளைகளும் சேர்ந்து, "அப்பா!" என்று கூவின.

சொல்கிற வேகத்துக்கு என் கை ஈடுகொடுக்கவில்லை. சந்தோஷத்தில் குரல் கிறீச்சிட்டது. பரீட்சை என்பதே மறந்துபோனது. ரெட்டைச் சடைக்காரியின் அப்பாவை நட்டநடுவில் பாயில் படுக்க வைத்தேன்.

எக்ஸாமினர் அம்மா விறுவிறுவென்று முன்னால் வந்தார். "என்னம்மா இது, சந்தைக்கடையா? பாடக்குறிப்புல இருக்குற சார்ட் எங்க?" என்று சத்தம் போட்டார். வகுப்பு சட்டென்று உட்கார்ந்தது. எல்லாம் போச்சு என்று நின்றேன்.

ரெட்டைச் சடைக்காரி மட்டும் உதட்டில் விரல் வைத்து, படத்தைக் காட்டினாள். "மெல்லப் பேசுங்க டீச்சர். அப்பா இப்பத்தான் படுத்தாக."

அந்த அம்மா படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்து, குசுகுசுவென்று சொன்னார்: "நீ பாஸ்மா."