காற்றுப் பெட்டி வந்த நாள்

எங்கள் அலுவலகத்தில் போன மாதம் காற்றைச் சுத்தப்படுத்தும் பெட்டி ஒன்றை வாங்கி வைத்தார்கள். பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணாடி போட்ட கட்டடம். ஜன்னலைத் திறக்கவே முடியாது. அப்படியும் தூசி வருகிறதாம். வாங்கிச் சில நாள் கழித்து மேனேஜர் அதன் முதுகைக் கழற்றி உள்ளே இருந்த தாளை எடுத்துக் காட்டினார். சாம்பல் நிறமாகியிருந்தது. இதையா இத்தனை நாளும் மூச்சில் இழுத்தோம் என்று ஆளாளுக்கு மூக்கைப் பிடித்தார்கள். ஒருத்தி போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாள். அங்கேயே நின்றால் யாரையாவது திட்டிவிடுவேன் என்று பயந்து கீழே இறங்கிப் போய் டீ குடித்தேன். அவர்கள் பேரில் தப்பில்லை. அவர்கள் உட்கார்ந்திருக்கும் அந்தக் கட்டடம் எழும்ப எந்த ஊர் மலையை அரைத்தார்கள், அந்தத் தூசியை யார் தின்றார்கள் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அப்படி ஒரு பெட்டியை நான் மூன்றாம் வகுப்பிலேயே பார்த்துவிட்டேன். அதாவது, பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டோம். நைனா காலத்தில் அடுத்தவர் மலையை உடைத்தோம். இதற்கு முன்னேற்றம் என்று பெயர். ஊருக்கு மேற்கே இருந்த ஜல்லி கிரஷரில் பெல்ட் பக்கம் நைனாவுக்கு வேலை. விடிவதற்குள் அது உறுமத் தொடங்கிவிடும். தூசி மாவாகக் கிளம்பி ஊர்மேல் இறங்கும். குடத்துத் தண்ணீரில் ஆடை கட்டும். காயப்போட்ட துணி அப்பளமாக விறைத்துக்கொள்ளும். சோற்றை மூடி வைத்துத் தின்றாலும் பல்லில் நறநறக்கும். இலைக்கு நிறம் வெள்ளை என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

நாங்கள் அதற்குப் பழகிவிட்டோம். தங்கச்சிக்குத்தான் பழகவில்லை. அப்போது அவள் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் பள்ளிக்கூடக் காம்பவுண்டிலேயே ஓர் ஓரத்தில் பால்வாடி. நாலடி ஓடினால் அவளுக்கு இளைக்கும். விலா எலும்பு உள்ளே போய் வரும். நெஞ்சுக்குள் விசில் கேட்கும். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கும் எங்கள் வீட்டுக்கும் அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. கடைசியில் ஒரு டாக்டர், குழந்தையைத் தூசியில்லாத இடத்தில் வைத்துக்கொள் என்று அறிவுரை சொன்னார்.

"அது எங்க கீது சார்?" என்று அம்மா கேட்டாள். நிஜமாகத் தெரியாமல்தான் கேட்டாள். டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

இடம் கடப்பாக்கத்தில் இருந்தது. நைனாவின் அக்கா, எங்கள் அத்தை, கடலோரமாகக் குடியிருந்தார். பிள்ளையில்லாதவர். ஒருமுறை அங்கே போயிருந்தபோது தங்கச்சி மணலில் நண்டு துரத்தி ஓடினாள், இளைக்கவேயில்லை. அத்தை உடனே கேட்டுவிட்டார். "இங்கயே இருக்கட்டும். கடக்காத்துல எல்லாம் சரியாப் பூடும். நான் பாத்துக்குறேன்." பொங்கல் கழித்து அனுப்புவது என்று பேச்சாகிவிட்டது. அவளை அனுப்பக் கூடாது என்று நான் மட்டும் தினமும் சாமியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ராத்திரி என் மேல் காலைப் போட்டுத் தூங்கும் குழந்தை அவள். அவளை எப்படி விடுவது?

சாமி காது கொடுத்ததாகத்தான் தோன்றியது. ஊரில் யாரோ தூசியைப் பற்றி மேலிடத்துக்கு மனு போட்டு, காற்றை அளக்க ஆள் வரப்போகிறது என்று தகவல் வந்தது. எந்த நாளில் வருவார்கள் என்பதும் கூடவே வந்தது. அப்புறம் பார்க்க வேண்டுமே எங்கள் கிரஷரை! மூலையில் சுருட்டிக் கிடந்த பைப்பெல்லாம் பெல்ட் மேல் ஏறித் தண்ணீர் தெளித்தது. பாதை ஓரம் தகர ஷீட் எழும்பியது. சுற்றிலும் மரக்கன்று நட்டார்கள். அவசரத்தில் பிளாஸ்டிக் பையைக்கூடக் கிழிக்காமல் பையோடு புதைத்தார்கள். தூசியை அடக்க என்னென்ன வழி உண்டோ அத்தனையும் அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. தெரியாமல் செய்தவனை மன்னிக்கலாம்.

எங்கள் பெரிய வாத்தியாரும் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடத்து பெஞ்சுகள் கிரஷர் முதலாளி கொடுத்தவை. ஒவ்வொன்றின் முதுகிலும் அவர் பெயர் பெயிண்டில் இருக்கும். அந்த நன்றிக்கு, பிள்ளைகளை வாளியும் துணியுமாக நிறுத்தி, வாசலில் இருந்த புங்கமரத்தின் தாழ்ந்த கிளைகளை இலை இலையாகத் துடைக்க வைத்தார். நாங்களும் திருவிழாவுக்கு வீடு கழுவுகிற மாதிரி சிரித்துக்கொண்டே துடைத்தோம்.

மறுநாள் காலை ஜீப்பில் ஓர் அதிகாரியும், அவரோடு ஓர் இளைஞரும் வந்து இறங்கினார்கள். கூரை வைத்த அலுமினியப் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து பள்ளிக்கூடத் தாழ்வாரத்தை ஒட்டி வைத்தார்கள். உயரத்தில் அது என் நெஞ்சுவரை வந்தது. ஒயரைச் சொருகியதும் மிக்ஸி ஓடுகிற சத்தம். நாங்கள் சுற்றி நின்றுகொண்டோம். இது இன்னா அண்ணா, என்று கேட்டோம். அந்த அண்ணன் நல்ல மாதிரிதான் பதில் சொன்னார்.

"இது காத்த உள்ள இழுக்கும். காத்துல கீற தூசியெல்லாம் இந்தத் தாள் புடிச்சிக்கும். அவ்ளோதான்."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தூசியைப் பிடிக்கும் பெட்டி! டாக்டர் சொன்ன தூசியில்லாத இடத்தை ஜீப்பில் ஏற்றி எங்கள் ஊருக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

அது வேலை செய்வதையும் என் கண்ணாலேயே பார்த்தேன். அன்றைக்கு வானம் கழுவிவிட்டாற்போல இருந்தது. தட்டில் சத்துணவு நறநறக்கவில்லை. கிரஷர் சத்தம் இல்லாததால் டீச்சர் கத்தாமலே பாடம் நடத்தினார். அவருக்கு அவ்வளவு மெல்லிய குரல் உண்டென்று அன்றுதான் தெரிந்தது. கிரஷரில் எல்லாருக்கும் சம்பளத்தோடு லீவு விட்டிருந்தார்கள். நைனா வீட்டில் லுங்கியோடு படுத்துக் கிடந்தார். பெட்டி நன்றாக உழைப்பதால் நைனாவுக்கு ஓய்வு கிடைத்தது என்று எண்ணிக்கொண்டேன்.

சாப்பாட்டு மணி அடித்ததும் பால்வாடியிலிருந்து தங்கச்சியை இழுத்து வந்து பெட்டியின் பக்கத்தில் உட்கார வைத்தேன். "நல்லா வாயத் தொறந்து இழு" என்றேன். அவளும் கர்மசிரத்தையாக இழுத்தாள். பிறகு புங்கமரத்தைச் சுற்றி ஓடச் சொன்னேன். ஓடினாள். திரும்பவும் ஓடினாள். விசில் இல்லை. நான் நேராக அந்த அண்ணனிடம் போனேன்.

"அண்ணா, இந்தப் பொட்டிய இங்கயே வுட்டுட்டுப் போறீங்களா?"

அவர் சிரித்தார். "எதுக்கு?"

"அப்பதான் எங்க தங்கச்சிய ஊருக்கு அனுப்பமாட்டாங்க."

அவர் தங்கச்சியைப் பார்த்தார். ஓடிவிட்டு வந்து வேர்த்து நின்றவளின் மார்க்கூட்டைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. நின்று என்ன பிரயோஜனம்? தலையைக் குனிந்து பேனாவை எடுத்து ஏதோ எழுதத் தொடங்கினார். இரக்கம் முகத்தோடு நின்றுவிட்ட மனிதர்களை அதற்குப் பிறகு நிறையப் பார்த்துவிட்டேன்.

எழுதுகிறாரே, பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறார் என்று நான் முடிவு செய்தேன். வீட்டுக்கு ஒரே ஓட்டம். அம்மா பின்பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். தூசி பிடிக்கும் பெட்டி, ஓடியும் இளைக்காத தங்கச்சி, இனி அவளைக் கடப்பாக்கம் அனுப்ப வேண்டியதில்லை, எல்லாம்.

அம்மா என்னைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். கைச் சாம்பலைக்கூடக் கழுவாமல் எழுந்தாள். "அவ ஓடுனாளா?" என்று மட்டும் கேட்டாள். ஓடினாள் என்றேன். உள்ளே படுத்திருந்த நைனாவை ஒரு பார்வை பார்த்தாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் வீட்டுக்குப் பின்னால், தினமும் கூட்டி அள்ளிக் கொட்டிய தூசி ஒரு மேடாகவே இருக்கும். அம்மா முறத்தை எடுத்தாள். அந்த மேட்டிலிருந்து முறம் நிறைய அள்ளினாள். தெருவில் இறங்கி நடந்தாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். பள்ளிக்கூட வாசலில் பெரிய வாத்தியார் குறுக்கே வந்தார். அம்மா அவரை ஒதுக்கிவிட்டுப் போனாள். பெட்டியின் கூரைக்குக் கீழே இருந்த இடைவெளியில் முறத்தை வைத்துச் சாய்த்தாள். தூசி உள்ளே பாய்ந்தது. மோட்டார் திணறியது. என் தங்கச்சி இளைப்பதைப் போலவே இளைத்து, இழுத்து, நின்றுபோனது.

"கிரஷர நிறுத்திட்டு இன்னாத்தடா அளக்குறீங்க? இந்தா, இதான் எங்க காத்து! இத்த எழுதிக்கோ!"

அதிகாரி போலீசைக் கூப்பிடுவேன் என்று கத்தினார். பெரிய வாத்தியார் படிக்காத ஜனம் சார் என்றார். யாரோ ஓடிப்போய் நைனாவைக் கூட்டி வந்தார்கள். கிரஷர் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும், "பொம்பளைய அடக்கி வெக்கத் தெரியாதா உனக்கு?" என்றார். நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கையைக் கூப்பினார். அந்தப் பெட்டியைக் கும்பிட்டாரா, அந்த ஆட்களைக் கும்பிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு இன்று வரும் இருமலுக்கு, புகை பிடிக்கிற பழக்கம்தான் காரணம் என்று டாக்டர்கள் சீட்டில் எழுதுகிறார்கள். அவர் பீடியைத் தொட்டதே இல்லை.

அந்த அண்ணன் தாளை உருவினார். சாம்பல் நிறமாகக் கனத்துத் தொங்கியது. கசக்கிக் குப்பையில் போட்டார். மோட்டாரைத் துடைத்தார். புதுத் தாளைச் செருகினார். பெட்டி மறுபடி ஓடியது. அடுத்த நாள் காலை அவர் எடுத்த தாள் வெள்ளை வெளேரென்று இருந்தது. எங்கள் ஊர்க் காற்றுக்கு எந்தக் குறையும் இல்லை என்று எழுதிப் போய்விட்டதாகப் பின்னால் சொன்னார்கள்.

ஜீப் கிளம்பிய கையோடு கிரஷர் உறுமியது. தண்ணீர் பைப் மறுபடி மூலைக்குப் போனது. பையோடு புதைத்த கன்றுகள் வெயிலில் கருகின. தங்கச்சிக்கு அன்று மாலையே இழுப்பு வந்துவிட்டது. எனக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்துவிட்டது. பெட்டி இருந்தவரை காற்று நன்றாக இருந்தது. அம்மா அதன் வாயில் மண்ணைக் கொட்டினாள். கோபித்துக்கொண்டு எடுத்துப் போய்விட்டார்கள். தூசி திரும்பி வந்துவிட்டது. இதைவிடத் தெளிவாக யார் யோசிக்க முடியும்?

பொங்கல் கழிந்து அத்தை வந்து தங்கச்சியை அழைத்துப் போனார். பஸ் நிறுத்தம்வரை அம்மாதான் தூக்கி வந்தாள். தங்கச்சி ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்கு டாட்டா காட்டினாள்; சாயந்திரம் திரும்பி வந்துவிடுவோம் என்று நினைத்திருப்பாள். அவள் அங்கேயே படித்தாள், அங்கேயே வளர்ந்தாள். இன்றுவரை அத்தையைத்தான் அம்மா என்கிறாள். எங்கள் அம்மாவை "ஊர்ல கீற அம்மா" என்பாள்.

பஸ் போன பிறகு, தூசி அடங்கும்வரை அம்மா அங்கேயே நின்றிருந்தாள். என்னால் அடக்க முடியவில்லை.

"நீதான் பொட்டிய ஒடச்சே! உன்னாலதான் அவ பூட்டா!"

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

"ஆமா" என்றாள் அம்மா. "என்னாலதான்."

முதலாளி சொல்லவில்லை, அதிகாரி சொல்லவில்லை, பெரிய வாத்தியார் சொல்லவில்லை, நைனா சொல்லவில்லை. அந்த ஊரில் "என் தப்பு" என்று வாயைத் திறந்து சொன்ன ஒரே ஆள் என் அம்மா. அதை நான் நம்பினேன். பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.