கதிரையில் உட்கார்ந்து வாசிக்கும் வாத்தியம்

பிள்ளைகளா, போன வாரம் உங்கள் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னதை நீங்கள் மூன்று பேரும் நம்பவில்லை. "உங்கப்பாவுக்கு கிடார் வாசிக்கத் தெரியும்" என்று அவள் சொன்னதும் சின்னவள் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெரியவன், "எங்க, வாசிச்சுக் காட்டுங்க பார்ப்போம்" என்றான். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அது சரியில்லை. வாயால் சொல்ல வராது என்பதால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா சொன்னது பாதிதான் உண்மை. எனக்கு ஒரே ஒரு பாட்டுத்தான் தெரியும். அதிலும் பாதியைத்தான் ஆட்கள் முன்னால் வாசித்திருக்கிறேன்.

அப்போது உங்களில் ஒருவரும் பிறக்கவில்லை. இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்தோம். எனக்கு ஸ்டோரில் வேலை. தேயிலை தயாராகும் அந்தப் பெரிய தகரக் கட்டடத்தைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தை மேல்மாடியில் சாக்குத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி வாடவைப்பது என் பொறுப்பு. ஸ்டோருக்குத் தலைவர் டீமேக்கர் ஐயா. கொழும்பிலிருந்து வந்த பறங்கிக்காரர், வெள்ளைக்கார வம்சம் கலந்தவர், ஏறக்குறைய என் வயதுதான். அவருடைய வீடு மேல்மாடி ஜன்னலுக்கு நேர் கீழே.

பின்னேரத்தில் அவர் கிடார் வாசிப்பது ஜன்னல் வழியாக வரும். கழுத்தில் வாரைப் போட்டு, நின்றுகொண்டு டங்கு டங்கென்று அடிப்பார்களே, அதுவல்ல. உட்கார்ந்து, இடது காலை ஒரு குட்டிப் பலகையில் வைத்து, ஒவ்வொரு நரம்பையும் நகத்தால் தொட்டு வாசிக்கும் சாஸ்திரிய முறை. அதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. கேட்டால் கை நின்றுவிடும், அவ்வளவுதான்.

ஒரு நாள் அப்படி நின்றபோது ஐயா மேலே வந்துவிட்டார். பின்னால் நின்று, "கொழுந்து வாடுதா, நீ வாடுறியா மேன்?" என்றார். கீழே வாசிப்பு நின்றுபோனதே எனக்கு உறைக்கவில்லை. பயத்தில் வாயில் வந்ததைக் கேட்டேன்.

"ஐயா, உள்ள நீங்க ஒருத்தர்தான இருக்கீங்க. ரெண்டு பேரு வாசிக்கிற மாதிரி கேக்குதே, அது எப்படிங்க?"

"இந்தத் தோட்டத்துல இதை ஒருத்தனும் கேட்டதில்ல மேன். ஞாயித்துக்கிழமை வா" என்றார்.

போனேன். பின்னால் குசினிப் பக்கம்தான் போனேன், முன்வாசல் எனக்கு இல்லை. அவர் இரண்டு கதிரை போட்டிருந்தார். ஒன்றில் உட்கார்ந்து மற்றதைக் காட்டினார். "வேணாங்க ஐயா" என்று படியில் உட்கார்ந்தேன். நாங்கள் தோட்டத்தை நடத்தும் துரைமார், ஐயாமார் முன்னால் கதிரையில் உட்கார்வதில்லை. உட்காரக்கூடாது என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. என் அப்பா உட்காரவில்லை, நானும் உட்காரவில்லை. ரோட்டில் துரையின் கார் வந்தால் குடையை மடக்கிக்கொண்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்போம். அதை எனக்கு யாரும் சொல்லித் தந்த ஞாபகம்கூட இல்லை.

அவரிடம் பழைய கிடார் ஒன்று இருந்தது, வயிற்றில் வெடிப்பு ஒட்டியது. அதைத் தந்தார். எனக்கு அவர்கள் எழுதும் இசை எழுத்துத் தெரியாது. மண்ணிறத் தாளில் ஆறு கோடு போட்டு, எந்த நரம்பில் எத்தனையாவது கட்டத்தை அழுத்த வேண்டும் என்று எண்களாக எழுதித் தந்தார். முதல் மாதம் நான் வாசித்தது இசையே இல்லை. ஸ்டோருக்கு வருமுன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தடித்த விரல், ஒரு நரம்பை அழுத்தினால் பக்கத்து நரம்பையும் சேர்த்து மூடிவிடும். மோதிர விரலைத் தூக்கச் சொன்னால் நடு விரலும் கூடவே எழும்பும். கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிக்குப் பக்கத்தில் அழுத்தாவிட்டால் நரம்பு வண்டு மாதிரி இரையும். ஐயா காதைப் பொத்திக்கொள்வார்.

வலது கை நகத்தை வளர்க்கச் சொன்னார். ஸ்டோரில் உடன் வேலை செய்தவர்களுக்குக் கேலி செய்ய அதுவே போதும்.

"என்னப்பா, இந்த வருசம் காமன் கூத்துல ரதி வேசம் ஒனக்குத்தானா?"

"மன்மதன் யாருன்னு கேளு. டீமேக்கரா இருக்கும்."

நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் சொல்வார்கள்.

தொழிலாளர் இருக்கும் லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் ஒரு பழைய தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்து பழகினேன். இடது காலை உயர்த்த அம்மிக்கல் தோதாக இருந்தது. உங்கள் அம்மா அடுப்பு ஊதிக்கொண்டே, "அம்மி மிதிக்கிறது பொண்ணு வேல. கல்யாணத்துல நான் மிதிச்சாச்சு. ஒங்களுக்கு என்ன அதுல காலு?" என்பாள். ஆனால் நான் வாசித்து முடிக்கும்வரை அவள் அரைக்க எழுந்து வந்ததில்லை.

பெட்டியில் உட்கார்ந்தால் கை சரியாக வந்தது. ஐயா வீட்டுப் படியில் உட்கார்ந்தால் கிடாரின் கழுத்து தாழ்ந்து, மணிக்கட்டு மடிந்து, எல்லாம் கெட்டது. நாலாவது மாதம் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"இது பாயில வச்சு வாசிக்கிற சாமான் இல்ல மேன். படியில வச்சும் வாசிக்கேலாது. கதிரையில இருந்தா சொல்லித் தாறன். இல்லாட்டிப் போ."

உட்கார்ந்தேன். விளிம்பில்தான். அவருடைய மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்தார், எழுந்துவிட்டேன். சலவைக்காரர் மூட்டையோடு வந்தார், அவருக்கும் எழுந்துவிட்டேன். அவர் பயந்து இரண்டு அடி பின்னால் போனார். ஐயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் சிரிப்பதை விட்டுவிட்டு, விரல் பயிற்சிக்கு முன்னால் உட்காரும் பயிற்சி என்று வைத்தார். ஆள் வரும், போகும். நான் நரம்பையே பார்த்துக்கொண்டு வாசிக்க வேண்டும். பிள்ளைகளா, விரலைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய கிளாக்கர் ஐயா வேலியோரம் நின்று எட்டிப் பார்த்தார். ஆபீஸில் எங்கள் பெயரை எழுதுவதும் வெட்டுவதும் அவர் கை. நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். எழவில்லை. அன்று தலை நிமிர்ந்து வீட்டுக்கு நடந்து வந்த ரோடு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, முந்திய வாரம் ஸ்டாஃப் கிளப்பில் ஒரு பின்னேர விருந்து நடக்கும். கிளாக்கர்மார், மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர், மலை வேலையைப் பார்க்கும் கண்டாக்கையா எல்லாரும் குடும்பத்தோடு வருவார்கள். எங்கள் ஆட்கள் உள்ளே போவது தட்டு எடுக்கவும் கூட்டிப் பெருக்கவும்தான். அங்கே நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டு வாசிப்பது என்று ஐயா முடிவு செய்தார். மேல் பகுதி அவருக்கு, கீழே தாங்கிப் பிடிக்கும் பகுதி எனக்கு. பெரிய கிளாக்கரிடம் அவர் கேட்டபோது நான் வாசலுக்கு வெளியே நின்றேன்.

"வாசிக்கட்டுமே. நான் வேணாங்கலியே. கீழ ஒரு பாய விரிச்சுப் போடுங்க."

"கதிரை வேணும்."

"நாங்க இருக்கிற எடத்துலயா? நாளைக்கு லயத்துல இருந்து நாலு பேரு வந்து கதிரை கேட்டா நீங்களா பதில் சொல்றது?"

"ஒரு பாட்டு. மூணு நிமிசம்."

"சரி, ஒங்க பொறுப்பு. அவன் ஒழுங்கா செஞ்சிட்டுப் போனா நான் வாயத் தொறக்கல. ஏதும் கோணலா நடந்தா, இதுதான் கடைசி."

எனக்குப் பாட்டு பெரிதில்லை. அந்த மூன்று நிமிடம் அந்தக் கதிரையில் இருந்துவிட்டு இறங்க வேண்டும், அதுதான் வேண்டியிருந்தது. என் அப்பா முப்பது வருடம் அந்தக் கட்டடத்து வாசலில் தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவர்.

அன்று வெள்ளை வேட்டி, சட்டை. உங்கள் அம்மா பார்த்துவிட்டுக் காலரைச் சரி செய்தாள். கிளப்பில் சிவப்புத் தரை, வெறுங்காலுக்குச் சில்லென்று இருந்தது. நடுவில் இரண்டு கதிரை. உட்கார்ந்தேன். ஒரு பெண்பிள்ளை தன் அம்மாவிடம் ஏதோ கேட்க, அந்த அம்மா "ஸ்ஸ்" என்றார். டீமேக்கர் ஐயா தலையை ஆட்டினார். ஆரம்பித்தோம்.

நன்றாக வந்தது. நானே சொல்லக்கூடாது, ஆனால் வந்தது. கட்டை விரல் அதன்பாட்டில் கீழ் நரம்பைத் தட்ட, அதன்மேல் ஐயாவின் பாட்டு ஏறி நடந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். டிஸ்பென்சர் காலால் தாளம் போட்டார். பாதி தாண்டிவிட்டோம், இனி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

பெரிய துரை எப்போதும் கடைசியில்தான் வருவார், பரிசு கொடுக்க. அன்று முன்னதாக வந்துவிட்டார். கதவு திறந்தது. கூடத்தில் இருந்த எல்லாரும் எழுந்தார்கள், அது வழக்கம். டீமேக்கர் ஐயா எழவில்லை. வாசிக்கிறவர் எழத் தேவையில்லை, அதை எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தார். என் கண் நரம்பில்தான் இருந்தது, துரையின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. பூட்ஸ் சத்தம்தான். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. கிடார் கதிரைக் கையில் இடித்து "டொம்" என்ற பிறகுதான் நான் நிற்பது எனக்கே தெரிந்தது.

துரை கோபப்படவில்லை. கையைத் தாழ்த்தி, இருங்கள், நடக்கட்டும் என்று காட்டினார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் நின்றேன். ஐயா தனியாக வாசித்துக்கொண்டே, தலை நிமிராமல், "இரு மேன். இரு. ரெண்டாவது வரியில இருந்து பிடி" என்றார். கேட்டது. கால் மடியவில்லை. துரை நிற்கும்போது என்னால் உட்கார முடியவில்லை. துரை இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பும் இல்லை. ஐயா வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

பெரிய கிளாக்கர் என் தோளைத் தொட்டார். என்றும் இல்லாத அன்பாக, "போதும்ப்பா. அத வச்சிட்டுப் பின்னால போ, டீ இருக்கு" என்றார்.

கிடாரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கதிரையின் மேலேயே வைத்தேன். அது அங்கே நன்றாகத்தான் இருந்தது. பின்கதவுப் பக்கம் ஐயா வந்தார். துரை என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றார். பிறகு, "எல்லாருக்கும் முன்னால எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சியா?" என்றார். நான் யோசிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. ஸ்டோரில் கொழுந்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம். இரண்டு வருடத்தில் அவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்.

எத்தனையோ வருடம் யாரைக் குறை சொல்வது என்று தேடினேன். துரையை? அவர் உட்காரச் சொன்னார். கிளாக்கரை? அவர் கதிரை போடவிட்டார். எழுந்திரு என்று அந்தக் கூடத்தில் ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. அவர்கள் சொல்லவே தேவையில்லாத அளவுக்கு என்னை ஆக்கி வைத்திருந்தார்கள், நானும் ஆகியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வந்தால் எழுங்கள், அது மரியாதை. ஆனால் எழும்போது நீங்கள்தான் எழுகிறீர்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இதற்குமேல் விளக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அன்று நான் டீ குடிக்கவில்லை. துரையின் பங்களாவுக்குப் போகும் கார் ரோடு வழியாக லயத்துக்கு நடந்தேன். வெளிச்சம் இன்னும் இருந்தது, பனி மட்டும் தேயிலைக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது. கிளப் கண்ணுக்கு மறைந்த வளைவில், முன்னும் பின்னும் ஒருவரும் இல்லை என்று பார்த்துவிட்டு, ரோட்டின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சல்லிக் கல் குத்தியது. வாசிக்காமல் விட்ட பாதிப் பாட்டு எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். துரையின் கார் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. கார் வரவில்லை. எண்ணி முடித்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.