பவர் சப்ளைக்கும் ஒரு கவர்

சேக்காடு, வியாழக்கிழமை, பிற்பகல் 3.50 மணி.
பொருள்: கணினி தானாக அணைந்தது பற்றி.

நண்பர்களுக்கு வணக்கம்.

என் கணினிக்கு மின்சாரம் தரும் பழைய பவர் சப்ளை பழுதானதால், நேற்று புதியது வாங்கி நானே பொருத்தினேன். இன்று கணினி ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் அணைந்தது. மீண்டும் போட்டேன், மீண்டும் அணைந்தது.

என் மனைவியின் ஸ்கேன் படங்கள் அதில்தான் இருந்தன. நான்கு மணிக்குள் மருத்துவருக்கு அனுப்பியாக வேண்டும்.

கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அது புச்சு பெரியவரே, கோளாறு வராது. உங்க மதர்போர்டுதான் பூட்ச்சு," என்றார்.

என் மனைவி வந்து, திறந்து கிடந்த கணினிக்குள் கை வைத்துப் பார்த்தார்.

"ஏங்க, ஏன் இப்படிக் கொதிக்குது? பவர் சப்ளையோட பிளாஸ்டிக் கவரைப் பிரிக்கவே இல்லையா?"

"தூசி படியக் கூடாதென்று, ஒயர் வரும் இடத்தில் மட்டும் வெட்டினேன்."

"சோபாவுக்குப் போட்டீங்க, ரிமோட்டுக்குப் போட்டீங்க, சரி. இதுக்குள்ள ஃபேன் சுத்துதே, அதுக்குக் காத்து வேணாமா?"

கவரை உரித்து, ஆற விட்டு, மீண்டும் போட்டேன். அணையவில்லை. படங்கள் 3.40க்குச் சென்றுவிட்டன. மருத்துவரின் பதிலுக்காக இருவரும் காத்திருக்கிறோம்.

இதற்கிடையில், சோபா கவரையும் எடுக்கச் சொல்கிறார் என் மனைவி. தங்கள் இல்லங்களில் என்ன வழக்கம் என்பதைத் தெரிவிக்கவும்.

இணைப்பு: உரித்த கவரின் படம் ஒன்று, சோபாவின் படம் ஒன்று, கவருடன்.