அலசிய அன்னாசி

சம்பூர்ணம் இருபது வருஷம் சாயப்பட்டறையில் பட்டு நூல் அலசியவள். சாயத்திலிருந்து எடுத்த நூலைத் தண்ணீர் தெளியும்வரை அலசாவிட்டால், பிறகு புடவையில் நிறம் இறங்கும். அவள் அலசிய நூலுக்கு ஒரு புகார் வந்ததில்லை. முழங்கால் வலியால் அதை விட்டபின், பக்கத்து வீட்டு எஸ்தரோடு சேர்ந்து கல்யாண வரவேற்புகளுக்கு ஃப்ரூட் சாலட் செய்து கொடுக்கிறாள். கையை விட்டு அலசல் மட்டும் போகவில்லை.

எப்போதும் மார்க்கெட் பழம்தான். சின்ன காஞ்சிபுரத்து வரவேற்பு ஒன்றுக்குத்தான் முதன்முறையாக டின் பழம் வந்தது. இறக்கி வைத்த சமையல் காண்ட்ராக்டர் கலியாணசுந்தரம், "இன்னிக்கு நல்லா வந்துச்சுன்னா தை மாசம் பூரா உனக்குத்தாம்மா. சொதப்புனா வேற ஆளு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எஸ்தர் ஐஸ் வாங்கப் போன நேரத்தில் சம்பூர்ணம் டின்களைத் திறந்தாள். பீச், பேரிக்காய், அன்னாசி எல்லாம் மிதந்த இனிப்புத் தண்ணீரில் கை பிசுபிசுத்தது. அதை வடித்தாள். பழத்தை மூன்று தண்ணீர் அலசினாள். மூன்றாவது தண்ணீர் தெளிந்ததும் மனசு குளிர்ந்தது.

எஸ்தர் வந்ததும் ஒரு துண்டை வாயில் போட்டாள்.

"இன்னாக்கா, சுரைக்காய் மாதிரி இருக்குது?"

"அலசினேன்."

"ஐயோ கர்த்தரே! பழத்தையா?"

சம்பூர்ணமும் ஒரு துண்டு தின்று பார்த்தாள். நூலிலிருந்து சாயம் இறங்குவதுபோல், பழத்திலிருந்த இனிப்பு முழுக்கத் தண்ணீரில் இறங்கியிருந்தது. தை மாசம் கண்ணெதிரே சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது.

"பீச்சும் பேரிக்காயும் மெத்துனு இருக்கும்கா. கெட்டிப் பாகுல கெடந்தாத்தான் குழையாம, சப்புனு ஆவாம நிக்கும்" என்றாள், பேக்கரியில் வேலை பார்த்திருந்த எஸ்தர். "அன்னாசிக்கு அதோட சாறே போதும். பொண்ணோட அப்பாவுக்குச் சர்க்கரை, அதான் அவருக்குச் சாறு டின்னு. எல்லாத்தையும் கொட்டிட்டியே!"

"யாரு கொட்டுனது?" சம்பூர்ணம் நிமிர்ந்தாள். "மொதல் சாயத்தண்ணிய எந்தப் பட்டறையிலடி கொட்டுவாங்க? வெளிர் நிறத்துக்கு ஆவும்ல."

மேசைக்கு அடியில் தட்டு போட்டு மூடிய இரண்டு குண்டான்கள் இருந்தன. ஒன்றில் பாகு, மற்றதில் அன்னாசிச் சாறு. இரண்டு நிறத்தை ஒன்றாக ஊற்றும் வழக்கமும் அவளுக்கு இல்லை.

எஸ்தருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே பாகைச் சுண்டக் காய்ச்சி ஆறவைத்தாள். பீச்சும் பேரிக்காயும் அதில் ஊறின, அன்னாசி தன் சாற்றுக்கே திரும்பியது. பொழுது சாய்வதற்குள் பழங்களில் இனிப்பு ஏறிவிட்டது.

வரவேற்பில் பெண்ணின் அப்பா அன்னாசிக் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, மனைவி பார்க்காத நேரம் பார்த்து இன்னொன்றுக்குக் கை நீட்டினார். கலியாணசுந்தரம் ஒரு கரண்டி ருசி பார்த்துத் தலையாட்டினார்.

"தை மாசம் வேற யாருக்கும் வாக்கு குடுத்துடாதம்மா."

பாத்திரம் கழுவும்போது, அடியில் மிஞ்சிய பாகைக் கொட்டப் போன எஸ்தரின் கையைச் சம்பூர்ணம் பிடித்தாள்.

"நாளைக்கு எலுமிச்சை ஜூஸுக்கு ஆவும்."

"வெளிர் நிறமாக்கா?"

"ஆமா. ஆனா இந்தத் தடவ நீயே கலக்கு. எனக்குக் கை அரிக்குது, அலசிடுவேன்."