ஜெபா அக்கா எழுதிய ஒரு வரி

ரெஹானா அக்கா, ஜெபா அக்காவைப் பற்றி நினைவில் இருப்பதை எழுதி அனுப்பும்படி அவருடன் வேலை செய்தவர்களையும் எங்கள் வீட்டாரையும் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். ஆனால் இதை நீங்கள் போடும் நினைவு மலரில் போட வேண்டாம். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், யாருக்கும் காட்டாதீர்கள். எழுதி முடித்ததும் அம்மாவின் போனில் படமெடுத்து அனுப்புவேன்.

அவர் இறந்த செய்தி வந்தபோது நான் இயற்பியல் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஜெபா அக்காவின் தம்பி அப்பாவை அழைத்தார். ஒரு வாரக் காய்ச்சல்தான். அப்பா "சரிப்பா, சரிப்பா" என்று மட்டும் சொன்னார். பிறகு மாடிக்குப் போய், ஜெபா அக்கா கொடியில் காயப்போட்டுவிட்டுப் போன துணிகளை எடுத்து மடித்து வைத்தார். அப்பா துணி மடித்து நான் பார்த்ததில்லை.

ஆம்பூரில் எங்கள் மாடி அறையில் அவர் இரண்டு வருடம் குடியிருந்தார். உங்கள் கம்பெனியின் வாயு மீட்டருக்கு டிரைவர் எழுதினார். மீட்டர் தரும் எண்ணைக் கணினிக்கு வாங்கித் தரும் சிறிய நிரல் அது என்று அம்மாவிடம் ஒருமுறை சொன்னார். அப்பா மேஸ்திரியாக இருக்கும் தோல் தொழிற்சாலையின் கழிவுநீர்க் குழிக்கும் அப்படி ஒரு மீட்டர் வந்தது. குழிக்குள் விஷவாயு எவ்வளவு என்று திரையில் பார்த்துவிட்டுத்தான் ஆட்கள் கசடு அள்ள இறங்குவார்கள்.

மீட்டர் பொருத்திய அன்று அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். ஜெபா அக்கா மீட்டரின் ஒயரைக் கையால் பிடுங்கினார். திரையில் எண் அப்படியே நின்றது.

"பாத்தீங்களாண்ணா, ஒயரே இல்ல. ஆனா நம்பர் வருது" என்றார்.

"இன்னாம்மா இது, பேய் வேலையா?" என்று அப்பா சிரித்தார்.

நிரல் கேட்கும்போதெல்லாம் மீட்டர் எண்ணைக் கணினியின் நினைவகத்தில் ஓர் இடத்தில் தானே வைத்துவிடும். நிரல் அங்கிருந்து எடுத்துக் காட்டும். மீட்டர் வைக்காமல் போனாலும், முன்பு வைத்த எண் அங்கேயே கிடக்கும். நிரல் அதைப் புதிது என்று எடுத்துக் காட்டிவிடும். இதைச் சொல்லிவிட்டு அவர் சொன்னார்: "பழைய நம்பர் பொய் இல்லண்ணா. கொஞ்ச நேரம் முன்னாடி அது உண்மை. அதான் ஆபத்து."

அன்றே ஒரு வரி சேர்த்தார். ஒவ்வொரு முறையும் மீட்டரைக் கேட்பதற்கு முன், அந்த இடத்தில் மைனஸ் ஒன்று என்று எழுதிவிட வேண்டும். எந்த மீட்டரும் தர முடியாத எண் அது. எடுக்கும்போதும் அதுவே இருந்தால் மீட்டரிடமிருந்து எதுவும் வரவில்லை என்று பொருள், சைரன் அடிக்கும்.

சைரன் நிறைய அடித்தது. குழியருகே ஈரத்தில் ஒயர் அரித்துப்போகும். மழை பெய்தால் இன்னும் ஜாஸ்தி. ஏழுமலை அண்ணன் குழியில் இறங்குகிறவர். "உன் பொம்மைக்கு ஜலதோஷமாம்மா? தூறல் போட்டாலே கத்துதே, ஒரே பேஜாரு" என்றார். "கத்தலன்னாதாண்ணா நீங்க பயப்படணும்" என்றார் ஜெபா அக்கா. அவர் வந்து ஒயரை மாற்றும்வரை யாரும் இறங்கமாட்டார்கள். வேலை நிற்கும். மேனேஜர் அப்பாவைத் திட்டுவார்.

அவர் இறந்து எட்டாம் நாள் மறுபடி சைரன் அடித்தது. நான் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் படிக்கிறேன். அப்பா என்னை அழைத்துப் போனார்.

"அந்தப் பொண்ணும் போய்ட்டா. நீ பாத்து இத்த நிறுத்து. யார்கிட்டயும் சொல்லாத, தெரிஞ்சா என் வேல போய்டும்."

தொழிற்சாலைக் கணினியில் இருந்த நிரலில் அந்த வரியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அதன் மேலே, ஆங்கில எழுத்துகளில் தமிழாக, 'இத எடுக்காதீங்க' என்று எழுதியிருந்தார். இரண்டையும் அழித்தேன். ஒயர் விட்டுவிட்டு வேலை செய்துகொண்டிருந்தது, அடுத்த எண் வந்ததும் சைரன் நின்றது. அப்பா எனக்கு மக்கன் பேடா இனிப்பு வாங்கித் தந்தார். நான் சாப்பிட்டேன்.

இன்று சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் சொன்னார்: "மூணு நாளா ரெண்டுலயே நிக்குது. காத்து அவ்ளோ சுத்தம். காலைல ஆறு மணிக்கு எறங்கறோம். மொதல்ல நான், அப்புறம் ஏழுமல."

மூன்று நாளாக ஒரே எண். எந்தக் குழியிலும் காற்று அப்படி நிற்காது. ஒயர் அறுந்திருக்கிறது. திரையில் தெரியும் அந்த 'ரெண்டு', மூன்று நாளுக்கு முந்தைய எண். சோற்றில் கை வைத்தபடி இது எனக்குப் புரிந்தது. அப்பாவிடம் சொல்லாமல் எழுந்து கை கழுவினேன். அப்பா சொல்லித்தான் அழித்தேன். எந்த வரியை அழித்தேன் என்று அவருக்குத் தெரியாது, அழித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஆறு மணிக்கு முன் தொழிற்சாலைக்குப் போன் செய்யுங்கள். கம்பெனியில் பிழை கண்டுபிடித்ததாகச் சொல்லுங்கள். என் பெயரையும் அப்பா பெயரையும் சொல்லாதீர்கள்.

ஜெபா அக்காவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அவர் தம்பி எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டார். அழிப்பதற்கு முன் அந்த வரியை என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அது மட்டும் இருக்கிறது. திருப்பிச் சேர்க்க எனக்குத் தெரியும், ஆனால் தொழிற்சாலைக்குள் என்னை யார்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா.

"இன்னாம்மா, இன்னும் லைட்டு எரியுது? கதவத் தெற. மேனேஜர் போன் பண்ணிட்டாரு, இப்பவே எறங்கணுமாம். நான் கெளம்பறேன்."

அக்கா, நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். செருப்புச் சத்தம் கேட்கிறது. நானே அப்பாவிடம்