துரையின் பெயரில் ஓர் ஊர்

எங்கள் ஊருக்கு ஒரு வெள்ளைக்காரனின் பெயர். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. வரைபடத்தில் இருக்கிறது, அடையாள அட்டையில் இருக்கிறது, இப்போது பஸ்ஸின் நெற்றியிலும் இருக்கிறது. அது போதும்.

மறிச்சுக்கட்டிக்குப் போகும் கரையோரப் பாதையில், கடலுக்குள் கொஞ்சம் நீண்டுகிடக்கும் மணல்முனை எங்கள் ஊர். அலைக்குக் கிட்டவே தோண்டினாலும் குடிக்கக்கூடிய தண்ணீர் ஊறும். அதனால் ஊத்துமுனை. முத்துக்குளிப்பை மேற்பார்க்க வந்த ஒரு துரை அந்த முனையில் பங்களா கட்டிக்கொண்டான். நிலம் அளக்க வந்தவர்கள் ஊரின் பெயரைக் கேட்டபோது, தன் பெயரையே போடச் சொன்னானாம். வாப்பா அப்படித்தான் சொல்வார். வாப்பாவின் பாட்டனார் கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்தவர். ஒரு முத்தை வாய்க்குள் ஒளித்தார் என்று அந்தப் பங்களா வாசலில் கட்டிவைத்து அடித்தார்களாம். இதற்குச் சாட்சி கிடையாது. அந்தத் துரையை வெறுக்க எனக்குச் சாட்சி தேவைப்படவும் இல்லை.

நெடுங்காலம் அந்தப் பெயர் அரசாங்கக் கந்தோர்களின் காகிதங்களுக்குள்ளேயே கிடந்தது. ஊரில் யாரும் அதை வாயால் சொன்னதில்லை. யுத்தம் முடிந்து, நாங்கள் புத்தளத்திலிருந்து திரும்பி வந்து, பாதைக்குத் தார் ஊற்றிக் கார்ப்பெற்றும் போட்ட பிறகு, ஒரு நாள் காலையில் என் கடைக்கு எதிரே சந்தியில் பலகை நட்டார்கள். சிங்களத்தில், தமிழில், ஆங்கிலத்தில் என்று மூன்று தரம் அந்தத் துரை.

"ஆரைக் கேட்டு இதை நடுறீங்கள்?" என்று கடையிலிருந்தே கத்தினேன்.

"எங்களுக்கு நடச் சொன்னவை, நாங்கள் நடுறம் ராத்தா," என்றான் சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தவன்.

அப்போது மீன்பிடிச் சங்கத் தலைவன் சைக்கிளை நிறுத்தினான். எட்டாம் வகுப்பு வரை என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். கத்தோலிக்கன். அவர்கள் அடுத்த கரையில் இருந்தவர்கள். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களான எங்களை ஊரைவிட்டுப் போகச் சொன்ன பிறகு, சண்டையில் தங்கள் வீடுகளை இழந்து, எங்கள் ஊருக்குள் வந்து குடியேறியவர்கள். நாங்கள் திரும்பியபோது வீடுகளை விட்டுக்கொடுத்து ஊரின் வடக்குப் பக்கம் கொட்டில் போட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஒருவரையொருவர் பார்த்தால் தலையாட்டுவோம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அவன் பலகையைப் பார்த்துக் காறித் துப்பினான். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

"நீ மகளிர் சங்கத்தால வா, நான் எங்கட சங்கத்தால வாறன். ரெண்டு பேருமாப் போய்ச் சொன்னாத்தான் கேப்பாங்கள்," என்றான்.

அடுத்த கிழமை ஒரே பஸ்ஸில் சிலாவத்துறைக் கந்தோருக்குப் போனோம். வழி முழுக்க அந்தத் துரையைத் திட்டிக்கொண்டே போனோம். அவனுடைய பாட்டனாரும் சிப்பி எடுத்தவராம், அவரையும் அடித்தார்களாம். முப்பது வருடத்தில் நாங்கள் இருவரும் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

கந்தோரில் எங்களை இருத்திக் கேட்டவள் நானாட்டானைச் சேர்ந்த ஓர் இளம் உத்தியோகத்தர். மரியாதையானவள். "சரி, பலகையில என்ன பேர் வரவேணும்?" என்றாள்.

நான் வாயைத் திறக்கும் முன் அவன் சொன்னான்: "சிலுவையடி."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். பகிடியாகச் சொல்கிறானோ என்று நினைத்தேன். அவன் பகிடி விடவில்லை. அவர்கள் வந்தபின் கடற்கரையில் ஒரு சிலுவை நட்டிருந்தார்கள். கடலிலிருந்து கரை திரும்பும் வள்ளத்துக்கு அதுதான் குறி. அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்த இடம் பிறந்ததிலிருந்தே சிலுவையடி.

"அது ஊத்துமுனையெல்லோ?" என்றேன்.

"அது முந்தி."

"முந்தி எண்டால்? நாங்கள் செத்தா போனனாங்கள்?"

அவன் என்னிடம் திரும்பவில்லை. அந்த உத்தியோகத்தரைப் பார்த்தே பேசினான். "இவை இருவது வருசத்துக்கு மேல ஊரில இல்லை மிஸ். ஷெல்லுக்கையும் மழைக்கையும் அந்த மண்ணில கிடந்தது நாங்கள்."

"நாங்கள் விரும்பிப் போகேல்லை. துரத்தினவங்கள்."

"நாங்கள் துரத்தேல்லை."

"எங்கட வீட்டுத் தகரத்தைக் கழட்டினது ஆர்?"

அந்தக் கேள்வி பல வருடமாக என் நெஞ்சுக்குள் இருந்தது. திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. அவனுடைய கொட்டிலின் தகரத்தில் வாப்பா பூசிய பச்சைப் பெயின்ற் இருந்தது. பார்த்தும் இத்தனை காலம் கேட்காமல் இருந்திருந்தேன்.

அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. "கைக்குழந்தையோட மழைக்குள்ள நிண்டால் நீங்களும் கழட்டியிருப்பீங்கள்," என்றான். பஸ்ஸில் 'நீ' என்று பேசிக்கொண்டு வந்தவன் இப்போது 'நீங்கள்' என்றான்.

"கழட்டினதைத் திருப்பித் தந்திருப்பன்."

உத்தியோகத்தர் பேனையை மூடினாள். "ரெண்டு பேரும் ஊரில கதைச்சு ஒரு பேரோட வாங்கோ. அதுவரைக்கும் உள்ளதுதான் இருக்கும்." அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வேறு என்ன சொல்ல முடியும் அவளால்?

வரும்போது வேறுவேறு பஸ்ஸில் வந்தோம்.

கதைத்து ஒரு பெயர் எடுக்க யாரும் முயலவில்லை. நான் என் கடைக்கு 'ஊத்துமுனை ஸ்ரோர்ஸ்' என்று பெரிதாக எழுதுவித்தேன். அந்த மாதமே மீன்பிடிச் சங்கச் சுவரில் 'சிலுவையடி' என்று நீல எழுத்தில் வந்தது. வடக்குப் பக்கப் பெண்கள் என் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். எங்கள் ஆட்கள் அவர்களிடம் மீன் வாங்குவதை நிறுத்தினார்கள். எனக்கு வியாபாரம் குறைந்தது. ஆனாலும் அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம், இன்னும் பெரிதாக எழுதியிருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

அப்படி இருக்கும்போது ஒரு வான் வந்து சந்தியில் நின்றது. இறங்கியவர்கள் ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் அவனுடைய மகளும். கூட நீர்கொழும்பைச் சேர்ந்த ஒரு வழிகாட்டி. கிழவன் பலகையைக் கண்டதும் கைதட்டிச் சிரித்தான். தன் கைக்குட்டையால் அதன் புழுதியைத் துடைத்தான். மகள் அவனைப் பலகையோடு நிற்கவைத்துப் படம் எடுத்தாள்.

"இவருடைய பூட்டன்தான் அந்தத் துரை," என்று வழிகாட்டி எனக்குச் சொன்னான். "தண்ணிப் போத்தல் மூண்டு தாங்கோ அக்கா."

எதிர்ப்பக்கம் சங்கத் தலைவன் வலைக்கயிறு ஏற்றிய தன் சைக்கிளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கிழவன் எங்கள் இருவரையும் பார்த்து ஏதோ கேட்டான்.

"ஊர்ச்சனம் இந்த இடத்தை என்னெண்டு சொல்லுறவை எண்டு கேக்கிறார்," என்றான் வழிகாட்டி.

"ஊத்துமுனை," என்றேன்.

"சிலுவையடி," என்றான் அவன், அதே நேரத்தில்.

வழிகாட்டி இரண்டையும் மொழிபெயர்த்தான். கிழவன் சிரித்தபடி பலகையைத் தட்டி ஏதோ சொன்னான். வழிகாட்டி வானின் கதவைத் திறந்து வைத்தான். பிறகு சொன்னான்: "அப்ப பூட்டன்ர பேரே சொல்ல லேசு எண்டுறார்."

மேசையில் வைத்த மூன்று போத்தலையும் திரும்ப எடுத்து உள்ளே வைத்தேன். "விக்கிறதில்லை," என்றேன்.

"என்னக்கா, தண்ணிதானே?"

"இது ஊத்துமுனைத் தண்ணி. அவருக்கு விக்கமாட்டன்."

கொழும்பிலிருந்து வந்த போத்தல்தான் அது. வழிகாட்டிக்கும் தெரியும். அவர்களை ஏற்றிக்கொண்டு போனான். எதிரே நின்றவன் என்னைப் பார்த்தான். அந்த ஒரு நிமிடத்தில் அவன் பாதையைக் கடந்து வந்து ஏதாவது சொல்லியிருந்தால், நானும் ஏதாவது சொல்லியிருப்பேனோ தெரியாது. அவன் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். நானும் கூப்பிடவில்லை.

இப்போது எல்லாவற்றையும் போனில்தான் வாங்குகிறார்கள். போன மாதம் என் மருமகள் பிள்ளைக்குச் சப்பாத்து எடுப்பித்தாள். விலாசத்தில் துரையின் பெயரைப் போட்டிருந்தாள். "ஊத்துமுனை எண்டு அடிச்சால் அது இல்லையெண்டு காட்டுது மாமி," என்றாள். அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

பார்சல் கொண்டுவந்தவன் உயிலங்குளத்துப் பெடியன். பெட்டியில் இருந்த பெயரை உரக்க வாசித்து, "இதுதானே இடம்?" என்றான்.

"இல்லை. இது ஊத்துமுனை," என்றேன்.

"அக்கா, வெயிலுக்கை நிக்கேலாது. வாங்குறீங்களோ இல்லையோ?"

"அந்தப் பேரில வாற ஒண்டையும் நான் வாங்கமாட்டன்."

அவன் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வடக்குப் பக்கம் போனான். பெட்டியைச் சங்கத் தலைவன் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். பின்னேரம் போனில் தகவல் வந்து மருமகள் போய் எடுத்து வந்தாள்.

"சங்கத் தலைவன் என்ன சொன்னவன்?" என்று கேட்டேன்.

அவள் பெட்டியைப் பிரிக்கத் தொடங்கினாள். நான் விடவில்லை.

"சிலுவையடிக்கு வந்த பார்சல் எண்டு மாமிட்டச் சொல்லு எண்டவர்."

பிள்ளை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் ஓடினான். அளவு சரியாக இருந்தது. நான் எழும்பிப் போய்க் கடையின் வடக்குப் பக்கச் சன்னலைச் சாத்தினேன்.