அண்ணா மடித்த இலை

இன்று ஹர்த்தால், முழுக் கடையடைப்பு. கரமனையில் ஒரு வொர்க்‌ஷாப்கூடத் திறக்கவில்லை.

நாளைக் காலை நாகர்கோவிலில் மன்னியின் தம்பிக்கு நிச்சயதார்த்தம். எங்கள் காரிலோ ஹெட் கேஸ்கட் போய், என்ஜின் ஆயிலில் தண்ணீர் கலந்து காபி நிறத்துக்கு வந்துவிட்டது.

"பஸ்ஸுல போயிடலாம்" என்றான் அண்ணா.

"முழங்கால் வலியோட அப்பா எப்படி பஸ் ஏறுவார்?" என்றபடி, நேற்றே வாங்கி வைத்திருந்த புது கேஸ்கட்டுடன் மன்னி வாசலில் இறங்கிவிட்டாள். பார்ப்பது பேங்க் வேலை. கையில் வண்டியின் பழைய மேனுவல்.

கழற்றிய போல்ட் ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்கே திரும்பப் போக வேண்டுமாம். ஒரு வாழை இலையை விரித்து, உப்பு, ஊறுகாய் பரிமாறுகிற மாதிரி வரிசை மாறாமல் வைத்தாள்.

அவள் கை கழுவப் போன நேரத்தில், போல்ட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணா எழுந்தான். எழுந்தவன், சாப்பிட்டு எழுகிற பழக்கத்தில் இலையை மடித்துவிட்டான்!

போல்ட் எல்லாம் ஒரே குவியல். எனக்கு உயிரே போய்விட்டது.

மன்னி வந்து பார்த்தாள். "சாரமில்லை, போனாப் போறது. எல்லாத்தோட தலையிலயும் நெயில் பாலிஷால நம்பர் போட்டிருக்கேன்."

"எப்போ போட்டே?"

"கழட்டறதுக்கு முன்னாடியே. பன்னண்டு வருஷமா உங்களுக்கு இலை போட்டுண்டிருக்கேன், தெரியாதா நேக்கு?"

ஐந்து மணிக்கு வண்டி புகையே இல்லாமல் ஸ்டார்ட் ஆனது. எதிர்வீட்டு மாமா ஓடி வந்தார். "ஆராக்கும் சரியாக்கினது?"

"நாங்க ரெண்டு பேருமாத்தான்" என்றான் அண்ணா. மன்னி மறுக்கவே இல்லை.

நாளை விருந்தில் அவன் இலையை மடிக்கும்போது நான் சிரிக்காமல் இருக்க, யாராவது ஒரு வழி சொல்லுங்கள்.